மூளைக் குழாய்களும் கல்லில் வெட்டிய பட்டமும்

1

திருகோணமலையில் என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசிக்கக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் டொக்டர் இல்லை. மூளை டொக்டரும் இல்லை, வேறெந்த டொக்டரும் இல்லை. தலையிடிக்கு என்ன குளிசை போடலாம் என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. நீங்கள் போடுவதைத்தான் நானும் போடுகிறேன்.

சென்ற மாதம், நோர்வேயின் பேர்கன் நகரில் நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் எனக்குப் பத்து ஆண்டு நிறைந்ததற்குக் கேக் வெட்டினார்கள். கேக்கின் மேல் சின்னச் சின்ன இனிப்பு மணிகளைச் சோடி சோடியாக ஒட்டி ஒரு குழாய் செய்து படுக்க வைத்திருந்தார்கள். சுற்றிவர எத்தனை வரிசை என்று எண்ணிப் பார்த்தேன். சரியாகப் பதின்மூன்று. வேலையில் பிழை விட்டாலும் கேக்கில் பிழை விடாத ஆட்கள்.

பேசு, பேசு என்று எல்லோரும் மேசையில் தட்டினார்கள். "பத்து ஆண்டு போனதையே நான் கவனிக்கவில்லை" என்று நோர்வேஜிய மொழியில் சொல்ல எழுந்தேன். வாயில் வந்தது, "பத்து ஆண்டாக நான் ஒன்றையுமே கவனிக்கவில்லை" என்பது. நுணுக்குக்காட்டியில் கவனித்துப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். சிரித்து முடிய ஐந்து நிமிடம் எடுத்தது. நானும் சேர்ந்து சிரித்தேன், வேறென்ன செய்வது?

புதிதாக வந்த மாணவி ஒருத்தி கேக்கோடு என் பக்கத்தில் வந்து நின்று, "உன் ஊரில் இந்த வேலையைப் பற்றித் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும். கோயிலில் கல்லில் வெட்டி வைத்திருந்தார்கள்" என்றேன்.

பகிடி விடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுத்த துண்டு எடுக்கப் போய்விட்டாள். பகிடி இல்லை. முழுக் கதையையும் சொல்கிறேன்.

2

முதலில் என் வேலை. இதை ஒழுங்காகச் சொல்லாததால்தான் இவ்வளவும் நடந்தது.

நரம்புக் கலம் ஒவ்வொன்றுக்கும் நீண்ட வால் ஒன்று இருக்கிறது. மூளையில் இருப்பவற்றின் வால் சில முள்ளந்தண்டின் கீழ்ப்பகுதி வரைக்கும் இறங்கும். கலமோ கண்ணுக்கே தெரியாது, வால் மட்டும் அவ்வளவு தூரம். அது விழுந்துவிடாமல் உள்ளே நின்று தாங்குபவை நுண்குழாய்கள். ஒரு தலைமயிரின் குறுக்களவில் அவற்றை ஆயிரக்கணக்கில் அடுக்கலாம்.

இந்தக் குழாய்களை யாரும் செய்து கொண்டுவந்து பூட்டுவதில்லை. டியூபுலின் என்கிற புரதம் இரண்டு இரண்டாகச் சோடி சேர்ந்து கலத்துக்குள் மிதந்து திரிகிறது. ஒரு சோடியின் தலையில் அடுத்த சோடி வந்து குந்தும். அப்படியே ஒரு கோர்வையாகும். கோர்வைகள் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும். பெரும்பாலும் பதின்மூன்று கோர்வை சேர்ந்ததும் வளைந்து மூடிக் குழாயாகிவிடும். மேசன் இல்லை, மேற்பார்வை இல்லை, தானாகவே கட்டுப்படுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு சோடியும் வரும்போது கொஞ்சம் சக்தியைக் கையோடு கொண்டுவருகிறது. வந்து ஒட்டிச் சிறிது நேரத்தில் அது செலவழிந்துவிடும். புதிதாக வந்தவை நுனியில் இருக்கும்வரைக்கும் குழாய் நிற்கும். புதியவை வரப் பிந்தினால் நுனி பிரிந்து, வாழைப்பழத்தோல் உரிகிற மாதிரிச் சுற்றிவரச் சுருண்டு, மளமளவென்று இடிந்துபோகும். இடிந்த சோடிகள் வீணாவதில்லை. திரும்ப மிதந்து, திரும்பச் சக்தி ஏற்றி, வேறெங்காவது போய் ஒட்டும். சில குழாய்கள் பாதி இடிந்த பிறகு மனம் மாறித் திரும்ப வளரவும் தொடங்கும். முதல் முறை நுணுக்குக்காட்டியில் குழாய்கள் இடிவதைப் பார்த்து, ஐயோ எதையோ பழுதாக்கிவிட்டேன் என்று பதறி எங்கள் குழுத் தலைவியைக் கூட்டிவந்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டு, "இது இப்படித்தான். இடியாவிட்டால்தான் என்னைக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சரி, டியூபுலினுக்கு எங்கே போவது? பன்றி மூளைக்குத்தான். இறைச்சிக்கூடத்து வாசலில் காலை ஏழு மணிக்கு ஐஸ் பெட்டியோடு போய் நிற்பேன். கொண்டுவந்து குளிரில் அரைத்து, சுழற்றி, தெளிந்த கரைசலை உடம்புச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் குழாய்கள் கட்டுப்படும். ஐஸில் வைத்தால் கரைந்துவிடும். கட்டவிட்டுக் கரையவிட்டு, கட்டவிட்டுக் கரையவிட்டு, ஒவ்வொரு தடவையும் கழிவை நீக்கி, கடைசியில் சுத்தமான டியூபுலின் மிஞ்சும். இது என் பங்கு. அதை நுணுக்குக்காட்டிக்குக் கீழே வைத்துப் பார்ப்பதும், தட்டில் வளரும் நரம்புக் கலங்களுக்குச் சாப்பாடு மாற்றுவதும் என் பங்கு.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது வெள்ளிக்கிழமைதான் மூளை நாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுச் சட்டியில் முட்டைகூட விழாது, நான் பன்றி மூளை அரைப்பதா? ஏலாது என்று சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு படிவம் இருந்தது. நோர்வேயில் எதற்கும் ஒரு படிவம் இருக்கும். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். மூன்று கிழமை கழித்து, காரணம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று கடிதம் வந்தது. அன்றிலிருந்து வியாழக்கிழமை.

இந்த நாட்டுச் சம்பளப் பதிவில் என் பதவியின் பெயரைத் தமிழில் சொன்னால் "துறைப் பொறியியலாளர்". என்னைப் போன்ற ஆய்வுகூட ஆட்களுக்கு இங்கே அப்படித்தான் பெயர். ஆகவே நோர்வேயில் நான் ஒரு ஆணிகூட அடிக்கத் தெரியாத இஞ்சினியர். அப்பாவுக்கு அது போதவில்லை.

3

என் அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் முப்பது ஆண்டு கப்பல்களுக்குக் கயிறு கட்டியவர். அந்த இரைச்சலில் கத்திக் கத்தி, வீட்டில் சீனி கேட்பதும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அம்மா போன பிறகு அன்புவழிபுரத்து வீட்டில் தனியாக இருக்கிறார். நான் அவருக்கு ஒரே பிள்ளை.

உயர்தரப் பரீட்சையில் எனக்கு மருத்துவபீடம் மட்டுமட்டாகத் தவறியது. அது பிரச்சினை இல்லை. முடிவு வருவதற்கு முதலே அப்பா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார், அதுதான் பிரச்சினை. பிறகு நான் விஞ்ஞானம் படித்து, கலியாணம் கட்டி, நோர்வேக்கு வந்து, கடைகளில் தட்டு அடுக்கி, மொழி படித்து, ஒரு வழியாக இந்த வேலை கிடைத்த அன்று அவருக்குத்தான் முதலில் போன் எடுத்தேன்.

"அப்பா, மூளை ஆராய்ச்சி செய்யிற இடத்தில வேலை கிடைச்சிட்டுது."

"பாத்தியே! கடைசியில டொக்டர் வேலைதான்."

"இல்லையப்பா. ஆராய்ச்சி செய்யிறவைக்கு உதவியா…"

"ஓம் ஓம், எல்லாம் ஒண்டுதான். நான் செல்வத்துக்குச் சொல்லிப்போட்டு வாறன்."

அந்த இடத்தில் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய குரலில் இருந்த சந்தோசத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. எனக்கும் கேட்க நன்றாகத்தான் இருந்தது, அதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அங்கால் நான் டொக்டராக இருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன்.

சென்ற ஆகஸ்ட் மாதம், ஆறு ஆண்டு கழித்து ஊருக்குப் போனேன். கணவருக்கு விடுமுறை கிடைக்கவில்லை. பதின்மூன்று வயது மகள் மிதுலாவும் நானும் மட்டும். அவள் நோர்வேயில் பிறந்தவள். தமிழில் கேட்டால் விளங்கும், பதில் பாதித் தமிழில் வரும், கோபம் முழுக்க நோர்வேஜியத்தில் வரும்.

வந்த அடுத்த நாள் அப்பா எங்களைப் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிப்போனார். அங்கே புதுத் தண்ணீர்த் தாங்கி ஒன்று கட்டியிருந்தார்கள். அதற்கு நானும் கணவரும் உதவியிருந்தோம். தாங்கியின் முகப்பில் கறுத்தக் கல், கல்லில் பொன் எழுத்து: "உபயம்: வைத்திய கலாநிதி திருமதி மலர்விழி, மூளை நிபுணர், நோர்வே." கணவரின் பெயருக்கு இடம் போதவில்லை.

"அப்பா, இதென்ன?"

"ஏன், எழுத்து வடிவா இல்லையோ?"

"நான் டொக்டர் இல்லை எண்டு உங்களுக்குத் தெரியுந்தானே!"

அப்பா சுற்றிவரப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மெல்லப் பேசியதை அன்று கேட்டேன்.

"தெரியும் பிள்ளை. கல்லு வெட்ட வந்தவன் என்ன போடுறது எண்டு கேட்டான். அவ்வளவு சனமும் சுத்தி நிண்டது. நான் என்னெண்டு மாத்திச் சொல்லுறது?"

4

ஊருக்குப் போனால் ஓய்வு என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் காலை ஆறரைக்குப் படலையைத் தட்டிக் கேட்டது. கதவைத் திறந்தால் ஐந்து பேர். ஆளுக்கொரு பெரிய கடித உறை. உறைக்குள் ஸ்கான் படம்.

அப்பா பெருமையா வெட்கமா என்று தெரியாத ஒரு முகத்தோடு கதிரை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். "நான் டொக்டர் இல்லை. ஆய்வுகூடத்தில வேலை செய்யிற ஆள். எனக்கு இந்தப் படம் பாக்கத் தெரியாது." ஒருவரும் நம்பவில்லை. "பெரிய டொக்டர்மார் இப்பிடித்தான் அடக்கமாச் சொல்லுவினம்" என்று ஒரு ஐயா மற்றவர்களுக்கு விளக்கம் கொடுத்தார். "லீவில வந்த பிள்ளையைக் கரைச்சல் படுத்தாதையுங்கோ, பின்னேரம் வருவம்" என்று இன்னொருவர் எழும்பினார். நான் மறுக்க மறுக்க என் மதிப்பு ஏறிக்கொண்டே போனது.

குச்சவெளியில் இருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த ஒரு அக்கா மட்டும் போக மறுத்து இருந்தார். மிதுலாவுக்குப் பொறுமை போய்விட்டது. பொய்யைக் கண்டால் அவளுக்குத் தோல் கடிக்கும், அங்கே பள்ளிக்கூடத்தில் அப்படி வளர்க்கிறார்கள். நேரே அந்த அக்காவுக்கு முன்னால் போய் நின்று, இடுப்பில் கை வைத்துச் சொன்னாள்:

"அம்மா டொக்டர் இல்லை. அம்மா பன்றி மூளை வாங்குறது. மெசினில போட்டு அரைக்கிறது."

அந்த அக்கா அவளுடைய கன்னத்தைத் தடவி, "பாவம், வெளிநாட்டுப் பிள்ளை. தமிழ் சரியா வராது போல" என்றார்.

நான் சிரித்த சிரிப்பில் கண்ணால் தண்ணீர் வந்தது. ஆனால் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த அப்பா வெளியே வந்தார், முகம் வெளுத்துப் போயிருந்தது.

"பன்றியோ?"

"ஓமப்பா."

"வெள்ளிக்கிழமையுமோ?"

"வியாழக்கிழமை மட்டும்."

அப்பா கொஞ்ச நேரம் கணக்குப் பார்த்தார். "அப்பச் சரி. ஆனா இதைக் கோயிலில சொல்லிப்போடாதை" என்றார்.

இதுவரைக்கும் எல்லாம் பகிடிதான். அன்று பின்னேரம் செல்வம் மாமா வந்த பிறகு பகிடி இல்லாமல் போனது.

செல்வம் மாமா அப்பாவின் கூட்டாளி. பெரிய கப்பல்களைத் துறைமுகத்துக்குள் இழுத்து வரும் டக் படகை ஓட்டியவர். அவர் கப்பலை இழுத்துவர, அப்பா கரையில் நின்று கயிறு கட்டுவார். இருவரும் அப்படி ஒரு வாழ்நாள் வேலை செய்தவர்கள். இப்போது மாமாவுக்கு வலக் கை நடுங்குகிறது. நடை சுருங்கி, நிலத்தில் தேய்த்துத் தேய்த்து வந்தார். அவர் படலையில் இருந்து விறாந்தைக்கு வருவதற்குள் நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கூட வந்த மாமி என்னைத் தனியாகக் குசினிக்குள் கூட்டிப்போய்ச் சொன்னார். ஆஸ்பத்திரியில் நரம்புக்கான டொக்டர் பார்த்து, குளிசை கொடுத்து, மாதாமாதம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருக்கிறார். மாமா ஒரு மாதம் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாராம்.

"மலர் வருது, அவ பாத்துச் சொல்லட்டும், அதுக்குப் பிறகு போடுறன் எண்டு நிக்கிறார், பிள்ளை. ரெண்டு தரம் கிணத்தடியில விழுந்தும் போனார். அடுத்த செவ்வாய் கிளினிக். நீர் ஒரு வார்த்தை சொல்லும்."

நாங்கள் திரும்புவது ஞாயிற்றுக்கிழமை. கையில் ஒரு கிழமைகூட இல்லை.

5

நான் மாமாவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டேன். "மாமா, நான் என்ன வேலை செய்யிறனான் எண்டு உங்களுக்குக் காட்டுறன், பிறகு நீங்களே சொல்லுங்கோ" என்று போனை எடுத்தேன். அதில் ஒரு நரம்புக் கலத்தின் வீடியோ இருந்தது. கறுப்புப் பின்னணியில் நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் ஓடும்.

"இதென்ன பிள்ளை, மின்மினி மாதிரிக் கிடக்கு?"

"ஒவ்வொரு புள்ளியும் வளருற குழாய் ஒண்டின்ர நுனி, மாமா. வளருற நுனியில மட்டும் ஒட்டுற புரதம் ஒண்டு இருக்கு. அதுக்கு வெளிச்சம் பூட்டி விட்டிருக்கிறம்."

"எல்லாம் ஒரே பக்கம் ஓடுதே."

ஐந்து ஆண்டு படித்த மாணவர்களும் முதல் பார்வையில் இதைக் கவனிப்பதில்லை. "ஓம் மாமா. இது நீட்டு வால். இதுக்குள்ள குழாய் எல்லாம் வெளிப்பக்கம் பாத்துத்தான் வளரும்."

"குழாய் எண்டா, அதுக்குள்ளால என்ன ஓடுது?"

"உள்ளுக்கால இல்லை. சாமான் எல்லாம் மேலாலதான் போகும். கொண்டுபோறதுக்கு வேற புரதம் இருக்கு. காலை எட்டி வைச்சுக் குழாயில நடந்து, பின்னால சாமானை இழுத்துக்கொண்டு போகும்."

"டக்!" என்றார் மாமா. அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப திரும்பி வாறதுக்கு?"

"அதுக்கு வேற ஆள். போறதுக்கு ஒண்டு, வாறதுக்கு ஒண்டு."

"பாத்தீரே, அங்க ரெண்டு டக். எங்களுக்கு ஒண்டு பழுதானா மற்றது வர ஒரு மாசம்." பிறகு அவருடைய கை தன் பாட்டில் நடுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பாதையே இடிஞ்சு போனா?"

"இடியிறது வழமை மாமா. திரும்பக் கட்டும். பழைய குழாயின்ர பக்கத்தால புதுசும் முளைக்கும்."

"எனக்கு இடிஞ்சது கட்டுப்படேல்லையோ? அதாலதான் நடுங்குதோ?"

என்ன சொல்வது? "எனக்குத் தெரியாது மாமா. சத்தியமாத் தெரியாது. நான் தட்டில இருக்கிற கலத்தைத்தான் பாக்கிறனான். மனிசரை டொக்டர்தான் பாப்பார். செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குப் போங்கோ, குளிசையைப் போடுங்கோ."

உண்மையைச் சொன்னேன் என்று நிம்மதியாக இருந்தேன். மாமா எழும்பி, தேய்த்துத் தேய்த்து நடந்து போனார்.

அடுத்த நாள் காலை மாமி அழுதுகொண்டு வந்தார். மாமா வீட்டுக்குப் போய், காணி உறுதி அலுமாரியில் எந்தத் தட்டில் இருக்கிறது என்று காட்டினாராம். பழைய தொப்பியை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று சொன்னாராம். "அவ்வளவு பெரிய டொக்டரே தெரியாது எண்டு சொல்லிப்போட்டா. கிளினிக்கும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்" என்று கட்டிலில் படுத்துவிட்டாராம்.

ஓடிப்போய் மாமாவிடம் திரும்பவும் சொன்னேன், கெஞ்சினேன். "விடும் பிள்ளை, நீர் என்னைத் தேத்தத்தானே வேணும்" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் டொக்டர் இல்லை என்று இந்த உலகத்தில் யார் சொன்னாலும் அந்த மனிசன் நம்பப் போவதில்லை. ஒரே ஒரு ஆள் சொன்னால்தான் உண்டு.

வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றேன்.

"நீங்கள்தான் சொல்லவேணும்."

"நான் எப்பிடிப் பிள்ளை… கல்லில வெட்டியாச்சு."

"செல்வம் மாமாவுக்குச் சொல்லுங்கோ."

"அவன்ர முகத்தில நான் பிறகு எப்பிடி முழிக்கிறது? முப்பது வருசம், நான் கயிறு இறுக்கம் எண்டு சொன்னாப் போதும், அவன் திரும்பிப் பாக்காமப் படகை எடுப்பான்."

"நீங்கள் சொல்லாட்டி அந்தாள் படுத்த படுக்கையிலயே போய்ச் சேருவார், அப்பா! அதுவும் உங்கட கதையை நம்பி."

நான் அப்பாவைப் பார்த்து ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. மிதுலா வாசலில் வாயைத் திறந்தபடி நின்றாள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

6

வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்கு மாமாவை மாமி எப்படியோ கெஞ்சிக் கூட்டி வந்திருந்தார். பூசை முடிந்து, ஐயர் திருநீறு கொடுத்து, சனம் கலையத் தொடங்கியபோது அப்பா தண்ணீர்த் தாங்கிக்கு முன்னால் போய் நின்றார். அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

"எல்லாரும் ஒருக்கா நில்லுங்கோ! இந்தக் கல்லில இருக்கிறது பொய். என்ர மகள் டொக்டர் இல்லை. ஒருநாளும் அவ அப்பிடிச் சொன்னதும் இல்லை. நான்தான் சொன்னனான்."

ஒரு கையால் கல்லைத் தட்டிவிட்டுத் தொடர்ந்தார்.

"அவ மூளைக்குள்ள சின்னக் குழாய்கள் எப்பிடிக் கட்டுப்படுது எண்டு பாக்கிற ஆள். அது டொக்டர் வேலை இல்லை. எனக்கு அது விளங்கேல்லை, விளங்காத வேலையை ஊருக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது. அதால விளங்கிற வேலை ஒண்டைச் சொல்லிப்போட்டன்." பிறகு மாமாவைப் பார்த்தார். "செல்வம், நீ குளிசையைப் போடு. என்ர பொய்யை நம்பிச் சாகாதை."

கோயில் செயலாளர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப இந்தக் கல்லை என்ன செய்யிறது?" என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள், அது பரவிக் கூட்டம் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். ஸ்கான் படத்தோடு வந்த ஐயா மட்டும், "நான் அண்டைக்கே சந்தேகப்பட்டனான்" என்றார்.

செல்வம் மாமா சிரிக்கவில்லை. மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழும்பி, அப்பாவைத் திரும்பியும் பார்க்காமல் போய்விட்டார். சனிக்கிழமை அப்பா இரண்டு தரம் போய்ப் படலையில் நின்று பார்த்தார். மாமா வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் விமானம் ஏறினோம். மிதுலா யன்னலோரம் இருந்து, "தாத்தா பெரிய ஆள்" என்றாள். தமிழில்தான் சொன்னாள். நான் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை நடந்ததை அப்பா தொலைபேசியில் சொன்னார். காலை ஐந்தரைக்கே ஒரு ஓட்டோவைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுப் படலையில் போய் நின்றாராம். ஒரு மணித்தியாலம். ஓட்டோக்காரன் புறுபுறுத்தானாம். கடைசியில் மாமா கையில் கிளினிக் கொப்பியோடு வந்து, ஒரு சொல்லும் பேசாமல் ஏறி இருந்தாராம். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், எங்கள் ஊர்த் தெருவில் மாடு மாதிரித் திரியும் மான் கூட்டம் றோட்டை மறித்துக்கொண்டு நின்றபோதும் பேசவில்லை. ஆஸ்பத்திரியின் நீட்டு மர வாங்கில் நாலு மணித்தியாலம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் பேசவில்லை. திரும்பி வரும் வழியில்தான் வாய் திறந்தாராம்.

"உன்ர மகள் சொன்ன குழாய்க் கதையும் பொய்யோ?"

"இல்லையடா, அது மட்டும் உண்மை" என்றாராம் அப்பா.

"டக்?"

"அதுவும் உண்மை."

"சரி, நாளைக்குத் தேத்தண்ணிக்கு வா" என்றாராம் மாமா.

7

கேக் வெட்டிய அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பேர்கனில் வழக்கம்போல மழை. உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது ஊர் நம்பரில் இருந்து அழைப்பு வந்தது. அப்பா என்று எடுத்தேன். செல்வம் மாமா. அவர் எனக்குத் தானாக எடுத்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, குளிசை ஒழுங்காப் போடுறன். கை கொஞ்சம் அடங்கியிருக்கு. தேத்தண்ணி சிந்தாமக் குடிக்கிறன்."

"நல்லது மாமா, கேக்கச் சந்தோசமாக் கிடக்கு."

"கிளினிக்கில ஒரு பொம்பிளைப் பிள்ளைதான் டொக்டர். வடிவாக் கதைச்சவ. 'பயமா இருக்கோ ஐயா' எண்டும் கேட்டவ. நான் இல்லை எண்டு சொல்லிப்போட்டன். மாமியும் கேட்டவ. அவவுக்கும் அதைத்தான் சொன்னனான். உம்மட அப்பரிட்டச் சொல்ல ஏலுமே? கடல் கொந்தளிக்கேக்க டக் எடுத்துக்கொண்டு போனவன் நான்."

"ஓம் மாமா."

"நீர் டொக்டரா இருந்திருந்தா உமக்கும் இல்லை எண்டுதான் சொல்லியிருப்பன்."

மறுபக்கத்தில் அவர் கதவு ஒன்றைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"எனக்குச் சரியான பயமாக் கிடக்கு, பிள்ளை."

நான் மடித்த உடுப்பைக் கீழே வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன்.

"சொல்லுங்கோ மாமா" என்றேன்.